வியாழக்கிழமை மாலை

ரோச்சோர் எம்ஆர்டி நிலையத்திலிருந்து சிலேகி சாலைப் பக்கம் சில நிமிடம் நடந்தால் ஷார்ட் ஸ்திரீட் வரும். பெயருக்கேற்ற குட்டைத் தெரு. தேக்கா சந்தைக்குப் போகும் அவசரத்தில் கண்ணில் படாமலே போய்விடும். 1887 ஆகஸ்ட் 15ஆம் தேதி இந்தத் தெருவின் கடைவீடு ஒன்றில் ஒன்பது சிறுமிகள் வந்து உட்கார்ந்தார்கள். எல்லாரும் தமிழ்ப் பிள்ளைகள். எதிரே நின்றவர் சோபியா பிளாக்மோர். ஆஸ்திரேலியாவில் பிறந்த மெதடிஸ்ட் ஊழியர். சிங்கப்பூரில் கால் வைத்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

இங்கே வியாபாரம் செய்த தமிழர்கள் சிலர் தங்கள் பெண்பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டதில் பிறந்தது அந்தப் பள்ளி. முதலில் அது தமிழ்ப் பெண்கள் பள்ளி. பிறகு மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியாக வளர்ந்து, 1925இல் சோபியா குன்றுக்குப் போய், 1992இல் புக்கிட் தீமா வட்டாரத்துக்கு மாறியது. இன்று அது நிற்கும் சாலைக்கு பிளாக்மோர் டிரைவ் என்று பெயர். சோபியா குன்றின் பெயரும் அவரால் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அவர் வருவதற்கு முன்பே குன்றுக்கு அந்தப் பெயர் இருந்தது.

பெண்பிள்ளையை வாசல் தாண்டி அனுப்பவே யோசித்த காலம் அது. தலைவாரிப் பின்னிவிட்டு அனுப்பிய தாய்க்குத் தெரிந்திருக்கும், காலையில் போகிற பிள்ளை அதே பிள்ளையாகச் சாயங்காலம் திரும்பி வராது என்று. புது எழுத்து, புதுப் பேச்சு, புதுக் கேள்வி எல்லாம் கூடவே வரும். ஆனாலும் அனுப்பினார்கள்.

அந்த வட்டாரத்தைச் சுற்றி வந்தால் அந்தக் காலத்துக் கிறிஸ்தவ வாழ்க்கையின் அடையாளங்களை இன்றும் பார்க்கலாம். ஷார்ட் ஸ்திரீட்டில் தமிழ் மெதடிஸ்ட் ஆலயம் இருக்கிறது. ஓஃபிர் சாலையில் லூர்து அன்னை ஆலயம். தமிழ்க் கத்தோலிக்கருக்காகவே 1886இல் தொடங்கி 1888இல் கட்டி முடித்தது, 2005இல் தேசிய நினைவுச்சின்னமானது. டோர்செட் சாலையில் ஆங்கிலிக்கன் தமிழர்களின் கிறைஸ்ட் சர்ச். மூன்றிலும் ஞாயிறன்று பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்வரிசையில் நிற்கும் தாய்மாரைப் பார்க்கலாம். பிள்ளை அழுதால் வெளியே தூக்கிப் போகச் சுலபம் என்பதால் பின்வரிசை.

தமிழ்க் கிறிஸ்தவர்கள் எவ்வளவு சிறிய கூட்டம் என்பதைச் சொல்லியாக வேண்டும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 15 வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளில் 18.9 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள். இந்தியர்களுக்குள் அது 12.6 விழுக்காடு. இந்தியர்களே மொத்தத்தில் ஒன்பது விழுக்காடுதான் என்பதால், நூறு பேரில் ஏறத்தாழ ஒருவர் இந்தியக் கிறிஸ்தவர். மலையாளிகளையும் மற்றவர்களையும் தள்ளிவிட்டால் தமிழ்க் கிறிஸ்தவர் அதிலும் குறைவு. இன ஒருங்கிணைப்புக் கொள்கை 1989இல் வந்தது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக் ஒன்றில் எந்த இனத்தார் எத்தனை விழுக்காடு இருக்கலாம் என்பதற்கு அது வரம்பு வைத்தது. எந்த இனமும் ஒரே இடத்தில் ஒதுங்கிவிடக் கூடாது என்ற நல்ல நோக்கம். அதனால் ஒரு தமிழ்க் கிறிஸ்தவத் தாயின் அண்டைவீட்டார் சீனராக இருப்பார், மலாய்க்காரராக இருப்பார், தமிழராக இருந்தால் பெரும்பாலும் இந்துவாக இருப்பார். திருநெல்வேலியின் கிறிஸ்தவக் கிராமங்களில் கோயில் மணி அடித்தால் தெருப் பிள்ளைகள் எல்லாரும் ஓடுவார்கள். பெற்ற தாய் சொல்லிக்கொடுக்காததை ஊர் சொல்லிக்கொடுத்துவிடும். இங்கே மின்தூக்கியில் இறங்கினால் அந்த ஊர் இல்லை. ஊர் செய்ததையும் சேர்த்து அவளே செய்ய வேண்டியிருக்கிறது.

இது சுமைதான். இதில் ஒரு நன்மையும் உண்டு என்பது இந்தக் கட்டுரையாளரின் எண்ணம். பக்கத்து வீட்டு மலாய்ப் பையன் நோன்பு இருப்பதையும், எதிர்வீட்டில் தீபாவளிக்கு விளக்கேற்றுவதையும் பார்க்கிற பிள்ளை, "அம்மா, நாம ஏன் இப்படிச் செய்யறோம்?" என்று ஐந்து வயதிலேயே கேட்கும். கேட்கிற பிள்ளைக்குப் பதில் சொல்லத் தாயும் யோசிக்கிறாள். வழக்கமாகப் போய்க்கொண்டிருந்த பக்திக்கு அங்கே காரணம் கேட்கப்படுகிறது.

ஒரு பெண் தாயானதும் வருகிற முதல் மாற்றம் உடம்பில். தேக்கா பக்கம் நாட்டு மருந்துக் கடைகளில் பிள்ளைபெற்ற லேகியம் இன்றும் விற்கிறது. பூண்டுக் குழம்பு, நல்லெண்ணெய், சுறாப்புட்டு என்று பத்தியச் சாப்பாட்டில் எந்த மதத் தமிழச்சிக்கும் அதிக வித்தியாசம் இல்லை. வித்தியாசம் அதற்குப் பிறகு. குழந்தையைத் தூக்கிக்கொண்டு முதன்முதலாகச் சபைக்குப் போகும் நாளில் தாய் ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரில் குழந்தையின் பெயரை எழுதுவாள். பல வீடுகளில் அந்தப் பெயர் முதன்முதலாகக் காகிதத்தில் தமிழில் எழுதப்படுவது அந்தக் கவரின் மேல்தான். பிறப்புச் சான்றிதழில் பெரும்பாலும் ஆங்கிலம். பிறகு ஞானஸ்நானம். சபையார் எல்லாரும் எழுந்து நின்று, இந்தப் பிள்ளையை வளர்ப்பதில் எங்களுக்கும் பங்கு உண்டு என்று வாக்குக் கொடுப்பார்கள்.

குழந்தை சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றிருந்தால் தாய்க்குச் சம்பளத்துடன் 16 வாரம் மகப்பேறு விடுப்பு. 2025 ஏப்ரல் முதல் தந்தைக்கும் நான்கு வாரம் கட்டாயமாகக் கிடைக்கிறது. விடுப்பு முடிந்ததும் குழந்தை பராமரிப்பு நிலையத்துக்கோ, பாட்டியிடமோ, பணிப்பெண்ணிடமோ போகிறது. குழந்தை வீட்டில் விழித்திருக்கும் நேரம் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் இல்லை. இதில் குளிப்பாட்டல், சாப்பாடு, வீட்டுப்பாடம். ஜெபத்துக்கு எங்கே நேரம் என்ற கேள்வியைப் பெண்கள் கூட்டங்களில் கேட்காத நாள் இல்லை.

இந்தக் கேள்விக்குப் பதிலாக மெதடிஸ்ட் சபைகளில் ஒரு பெயரைச் சொல்வது வழக்கம்: சுசன்னா வெஸ்லி. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, பாடல்கள் எழுதிய சார்ல்ஸ் வெஸ்லி இருவருக்கும் தாய். இங்கிலாந்தின் எப்வொர்த் கிராமத்தில் போதகரின் மனைவி. 19 பிள்ளைகள் பெற்றார். ஒன்பது பேரைச் சிசுவிலேயே பறிகொடுத்தார். மிஞ்சியவர்களுக்குச் கடன் நிறைந்த அந்த வீட்டிலேயே பாடம் நடத்தினார்.

அவர் கதையில் கவனிக்க வேண்டிய பகுதி 1709இல் நடந்தது. பிப்ரவரி மாதத்து இரவில் வீடு தீப்பிடித்து முழுக்க எரிந்தது. ஐந்து வயது ஜானை மாடி ஜன்னல் வழியாக எடுத்தார்கள். வீடு கட்டி முடியும்வரை பிள்ளைகளை ஆளுக்கொரு குடும்பத்தில் விட வேண்டியதாயிற்று. அங்கே அவர்கள் எல்லாரோடும் சேர்ந்து ஓடினார்கள், கண்ட பாட்டெல்லாம் பாடினார்கள், பேச்சுக் கெட்டது, ஓய்வுநாள் ஒழுங்கு போயிற்று. திரும்பி வந்த பிள்ளைகளைப் பார்த்துத் தாய் வருந்தினார். 1732இல் ஜானுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் இதை அவரே சொல்லியிருக்கிறார். பிறகு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். பாடத்துக்கு முன்னும் பின்னும் சங்கீதம் பாடுவது, பெரிய பிள்ளை சின்னப் பிள்ளையோடு ஜோடி சேர்ந்து வேதம் வாசிப்பது என்று புது வழக்கங்கள் வந்தன.

அதோடு ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்கினார். தனியாக உட்கார்ந்து பேச. திங்கள் மாலியோடு, செவ்வாய் ஹெட்டியோடு, வியாழன் ஜானோடு, சனி சார்ல்ஸோடு. பத்துப் பிள்ளை பெரிதாகிக்கொண்டிருக்கும் வீட்டில் ஒரு பிள்ளைக்கு வாரத்தில் ஒரு மாலைதான் கிடைக்கும். அந்த ஒன்றை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

அவருடைய எல்லா வழிமுறையும் இன்றைக்கு ஆகாது. பிள்ளையின் பிடிவாதத்தை ஆரம்பத்திலேயே ஒடுக்க வேண்டும், பிரம்புக்குப் பயந்து சத்தமில்லாமல் அழப் பழக வேண்டும் என்று அவர் எழுதியதை எந்தத் தாயும் பின்பற்ற வேண்டியதில்லை. அடியோடு சேர்த்துக் கற்ற பக்தி பலருக்கு அடியோடேயே நினைவில் இருக்கிறது. ஆனால் அதே கடிதத்தின் கடைசியில் ஒரு விதி இருக்கிறது: நன்றாக வாசிக்கத் தெரியும்வரை எந்தப் பெண்பிள்ளைக்கும் வேலை பழக்கக் கூடாது. அடுப்பும் ஊசியும் பிறகு, எழுத்து முதலில். அதை எழுதி ஒன்றரை நூற்றாண்டு கழித்து வெஸ்லியின் சபையைச் சேர்ந்த ஒரு பெண் ஷார்ட் ஸ்திரீட்டில் ஒன்பது தமிழ்ச் சிறுமிகளுக்குப் பலகை கொடுத்தார்.

நேரத்துக்கு அடுத்தது மொழி. சிங்கப்பூர்த் தமிழ்க் கிறிஸ்தவ வீட்டில் இதுதான் அதிகம் வலிக்கிற இடம். 2020 கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூர்வாசிகளில் 2.5 விழுக்காடு. ஆங்கிலம் என்றவர்கள் 48.3 விழுக்காடு. பாட்டிக்குத் தமிழ் வேதாகமம், பேத்திக்கு ஆங்கில பைபிள், நடுவில் தாய் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு.

தமிழ் வேதாகமத்தின் நடை பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு நடை. அதில் கடவுளை 'நீர்' என்று அழைப்பார்கள். பாட்டிக்கு அது பணிவும் உரிமையும் கலந்த சொல். பள்ளியில் 'நீ', 'நீங்கள்' மட்டுமே கேட்ட பிள்ளைக்கு 'நீர்' என்றால் பாடத்தில் வந்த தண்ணீர். "பாட்டி, சாமியை ஏன் தண்ணின்னு கூப்பிடறீங்க?" என்று குடும்ப ஜெபத்தில் குழந்தை கேட்டால் வீடே சிரிக்கும். சிரித்து முடித்த பிறகு தாய்க்கு உள்ளே ஒன்று தைக்கும். தன் தாய் தனக்குக் காதோரம் பாடிய கீர்த்தனை இந்தப் பிள்ளைக்கு வெறும் ராகமாகத்தான் போய்ச் சேருமா என்று.

பல தமிழ்ச் சபைகளில் ஞாயிறு பள்ளி ஆங்கிலத்தில் நடப்பதும் இதனால்தான். பெரியவர்கள் தமிழ் ஆராதனையில், பிள்ளைகள் பக்கத்து அறையில் ஆங்கிலத்தில். இதில் சிலர் கோபப்படுகிறார்கள். தமிழை விட்டுவிட்டோம் என்கிறார்கள். சிலர் தமிழ் எதற்கு, பிள்ளைக்குப் புரிந்தால் போதும் என்று ஆங்கிலச் சபைக்கே மாறிவிடுகிறார்கள். இரண்டிலும் ஏதோ ஒன்று கைநழுவுகிறது. புரியாத மொழியில் மட்டும் ஜெபித்த பிள்ளை பதினைந்து வயதில் அதை மரியாதையாக ஒதுக்கி வைத்துவிடும். தமிழையே கேட்காமல் வளர்ந்த பிள்ளை, பாட்டியின் மரணப் படுக்கையில் அவர் கேட்கும் பாட்டைப் பாட முடியாமல் நிற்கும்.

இங்கே பல தாய்மார் தாங்களாகவே கண்டுபிடித்த வழி ஒன்று உண்டு. விளக்கம் ஆங்கிலத்தில், ஜெபம் தமிழில். மனப்பாட வசனம் ஒன்றைத் தமிழில் சொல்லவைத்து, குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி, அதற்குக் கீழே பொருளை ஆங்கிலத்தில் எழுதிவைப்பார்கள். வாரம் ஒரு வசனம். இது அரைகுறை என்று வெட்கப்பட ஒன்றும் இல்லை. புதிய ஏற்பாட்டில் வரும் தீமோத்தேயு இப்படி இரண்டுக்கும் நடுவில் வளர்ந்த பிள்ளைதான். தகப்பன் கிரேக்கன், தாய் ஐனிக்கேயாள் யூதப் பெண், பாட்டி லோவிசாள். வெளியே கிரேக்க உலகம், உள்ளே யூத வேதம் இருந்த வீடு. அவனுக்கு எழுதிய ஒரு கடிதத்தின் தொடக்கத்திலேயே பவுல் நினைவுபடுத்துவது அந்தப் பாட்டியையும் தாயையும்தான். பாட்டியின் பெயரைச் சொல்லிவிட்டே தாயின் பெயரைச் சொல்கிறார்.

பிள்ளை தொடக்கநிலை ஆறுக்கு வந்ததும் அடுத்த சோதனை. இறுதித் தேர்வு ஆண்டில் ஞாயிற்றுக்கிழமையும் துணைப்பாட வகுப்பு. ஒரு வருஷம்தானே, சபைக்கு அப்புறம் போகலாம் என்று தோன்றும். அந்த ஒரு வருஷம் உயர்நிலைப் பள்ளிக்குள் நீண்டு, அப்படியே நின்றுபோன வீடுகள் உண்டு. தேர்வு வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இந்த ஊரில் தேர்வின் கனம் எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஞாயிறு காலை எதற்குக் கொடுக்கப்படுகிறது என்பதைப் பிள்ளை பார்த்துக்கொண்டேயிருக்கிறது. நம் வீட்டில் எது பெரிது என்ற பாடத்தை அது அந்த வருஷம் சொல்லாமலே படித்துக்கொள்கிறது.

பிறகு பிள்ளை கதவைச் சாத்திக்கொள்ளும் வயது. "எனக்கு நம்பிக்கை இல்லைம்மா" என்று ஒரு நாள் சொல்லும், அல்லது சொல்லாமல் சபைக்கு வருவதை நிறுத்தும். இந்த இடத்தில் கத்தோலிக்கத் தாய்மாருக்குத் துணை புனித மோனிக்கா. வட ஆப்பிரிக்காவில் பிறந்தவர். மகன் அகுஸ்தீன் வேறு மதக் கொள்கையில் சேர்ந்து, திருமணம் இல்லாமல் குடும்பம் நடத்தி, தாயிடம் சொல்லாமலே கப்பலேறி ரோமுக்குப் போனவர். மோனிக்கா ஓர் ஆயரிடம் போய், என் மகனோடு நீங்கள் பேசுங்கள் என்று மன்றாடினார். ஆயர் மறுத்துவிட்டார். இப்போது அவன் கேட்க மாட்டான், அவனை விட்டுவிடுங்கள், அவனுக்காகக் கடவுளிடம் வேண்டிக்கொள்ளுங்கள் என்றார். அகுஸ்தீன் தம் நூலிலேயே இதை எழுதியிருக்கிறார். 387ஆம் ஆண்டு பாஸ்கா விழாவில் அவர் திருமுழுக்குப் பெற்றார். அதே ஆண்டு மோனிக்கா காலமானார்.

வாதாடுவதை நிறுத்திவிட்டு, கதவுக்கு வெளியே சாப்பாட்டைச் சூடாக வைத்துக்கொண்டு காத்திருப்பது எந்தத் தாய்க்கும் எளிதல்ல. அந்தக் காத்திருப்பின் மாலைகளில் ஓஃபிர் சாலை ஆலயத்துக் கெபியில் மெழுகுவத்தி ஏற்றும் பெண்களுக்கு இது தெரியும்.

இன்னொரு விதமான தாய்மாரும் சிங்கப்பூர்ச் சபைகளில் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பேசுவது குறைவு. தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கை மலையகத்திலிருந்தும் வீட்டு வேலைக்கு வந்தவர்கள். வேலை அனுமதிச் சீட்டில் வந்தவர்கள் குடும்பத்தை அழைத்துவர முடியாது. பிள்ளை ஊரில் பாட்டியிடம் வளர்கிறது. வாரத்தில் ஒரு ஓய்வுநாள் என்ற விதி 2013இல் வந்தது. மாதத்தில் ஒரு நாளையாவது பணம் கொடுத்து ஈடுசெய்ய முடியாது, விடுப்பாகவே கொடுக்க வேண்டும் என்பது 2023 முதல் சட்டம். அந்த ஒரு ஞாயிறில் ஆராதனை முடிந்ததும் ஆலயத்தின் மதில் ஓரமாகவோ நடைபாதையிலோ கைத்தொலைபேசியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்பார்கள். "சாமி கும்பிட்டியா? வசனம் சொல்லு பாப்போம்." திரையில் ஒரு பிள்ளை பாதி வசனத்தில் மறந்து விழிக்கும், இங்கிருந்து தாய் அடுத்த வார்த்தையை எடுத்துக்கொடுப்பாள். மற்ற நாளெல்லாம் வேறொருத்தியின் பிள்ளைக்குச் சோறூட்டும் கை அது. சபைகள் இவர்களுக்கு ஒரு நாற்காலியும் ஒரு கோப்பைத் தேநீரும் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. அமைதியாக உட்கார்ந்து பேச ஓர் அறையும் நல்ல இணைய இணைப்பும் கொடுத்தால் அது பெரிய உதவி.

தாயும் பிள்ளையும் ஒரே இடத்தில் ஆராதித்த நாள்களும் உண்டு. 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை கிருமிப் பரவலைத் தடுக்க நாடு முடங்கியபோது ஆலயக் கதவுகள் எல்லாம் மூடியிருந்தன. அந்த ஆண்டு ஈஸ்டர் ஏப்ரல் 12. புத்தாடை உடுத்திச் சோபாவில் உட்கார்ந்து தொலைக்காட்சிப் பெட்டியில் ஆராதனை பார்த்த ஈஸ்டர் அது. தாய் கண்ணை மூடி ஜெபிப்பதை இவ்வளவு பக்கத்திலிருந்து பார்த்தது பல பிள்ளைகளுக்கு அதுதான் முதல் தடவை. சபையில் அவர்கள் வேறு அறையில் அல்லவா இருந்தார்கள்.

ஆண்பிள்ளை பெற்ற தாய்க்கு இன்னும் ஒரு நாள் பாக்கி. பதினெட்டு வயதுக்கு மேல் தேசிய சேவை, சுமார் இரண்டு ஆண்டு. அடிப்படை ராணுவப் பயிற்சிக்குப் பலர் போவது தெக்கோங் தீவுக்கு. சேரும் நாளில் பெற்றோரும் படகேறிக் கூடப் போகலாம். படுக்கையைப் பார்க்கலாம், அங்கேயே சாப்பிடலாம், மகன் உறுதிமொழி எடுப்பதைப் பார்க்கலாம். பிறகு பெற்றோர் மட்டும் படகில் திரும்ப வேண்டும். பைக்குள் துணியோடு துணியாகச் சின்னப் புதிய ஏற்பாடு ஒன்றைச் செருகி வைத்த தாய், அதை மகனிடம் சொன்னாளோ இல்லையோ. இனி அவன் ஜெபிக்கிறானா என்று கதவிடுக்கில் எட்டிப்பார்க்க முடியாது. தலைமுடி வெட்டுவதிலிருந்து நேரத்துக்கு எழுவதுவரை இனி வேறு ஒருவர் சொல்வார்.

ஜான் வெஸ்லியும் வீட்டை விட்டுப் போனவர்தான். ஆக்ஸ்ஃபோர்டில் ஆசிரியராக இருந்தபோது, 1732இல், தாய்க்கு ஒரு கடிதம் எழுதினார். அப்போது அவருக்கு 28 வயது. சிறுவயதில் எனக்கென்று நீங்கள் ஒதுக்கிய வியாழக்கிழமை மாலையின் அந்தக் கொஞ்ச நேரத்தை இப்போதும் எனக்காகத் தர முடியுமா என்று கேட்டிருந்தார்.

தெக்கோங்கில் இரவு விளக்கணைக்கும் முன் பயிற்சி வீரர்களுக்குக் கைத்தொலைபேசி கையில் கிடைக்கும். கொஞ்ச நேரம்தான். வீவக வீட்டின் சாப்பாட்டு மேசையில் ஒரு தொலைபேசியை மின்னூட்டத்தில் போட்டு, திரை மேலே தெரியும்படி வைத்துவிட்டு, தாய் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறாள்.